வனக்குழுவில் உறுப்பினர்னா காட்டு நிலத்துல உரிமை உண்டா? (அழகர்மலை அடிவாரம், மேலூர் பக்கம்)

சோலைமலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அழகர்மலைக்குக் கிழக்கே, மேலூர் தாலுகாவுல எங்க ஊர். தொண்ணூறுகள் கடைசியில எங்க ஊர்ல கிராம வனக்குழு ஆரம்பிச்சாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் உறுப்பினர். ஒரு உறுப்பினர் அட்டையும் சிவப்பு அட்டை போட்ட ஒரு பாஸ்புக்கும் வீட்டுல இருக்கு. தடுப்பணை கட்டினது, கன்னு வச்சது, கோடையில தீ அணைக்கப் போனது எல்லாம் சின்ன வயசுல பாத்திருக்கேன். அப்பா இப்ப இல்ல.

பிரச்சினை இதுதான். மலையடிவாரத்துல ஒரு புளியந்தோப்பு மாதிரி இருக்கு. தாத்தா காலத்துல இருந்து எங்க பங்காளிக நாலு வீடுதான் உலுக்கி எடுக்கிறோம். இந்த வருசம் ரெண்டு பேர் வந்து, இது சர்க்கார் மரம், ஏலத்துல எடுத்தவங்க மட்டும்தான் உலுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சித்தப்பா, "நாம வனக்குழு உறுப்பினர்டா, நிலமே நமக்குப் பட்டா ஆகும்"னு மந்தையில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கார். அது உண்மையா? குழு பேர்ல பேங்குல கிடக்குற பணம் என்னாகும்? அப்பா இடத்துல நான் உறுப்பினரா?

பழைய சர்வேயர்:

தம்பி, எல்லாத்துக்கும் முன்னாடி அந்தத் தோப்போட சர்வே எண் வேணும். அதில்லாம இந்த இழை நூறு பதிவு போனாலும் விடை வராது.

நம்ம பக்கத்து மலையடிவாரத்துல நிலம் மூணு தினுசு. ஒண்ணு காப்புக்காடு. 1882ஆம் வருசத்து மெட்ராஸ் வனச் சட்டப்படி அறிவிச்சது. ரெண்டாவது மலைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு. இது வருவாய்த்துறை கையில. மூணாவது பட்டா. கண்ணால பார்த்தா மூணும் ஒரே கரடு, ஒரே முள்ளு. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம்னு எழுதின ஏடு) பாருங்க, புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) வாங்குங்க. காப்புக்காட்டு எல்லையில வரிசையா கல்லுக்குவியல் போட்டு எண் எழுதியிருப்பாங்க. தோப்பு அதுக்கு உள்ளயா வெளியயான்னு நடந்து பாத்துட்டு வாங்க.

இது ஏன் முக்கியம்னா, புறம்போக்குல நிக்கிற மரமா இருந்தா 2சி பட்டான்னு ஒண்ணு உண்டு. மரப்பட்டான்னு சொல்லுவோம். நிலம் சர்க்காருது, மரத்து மகசூல் மட்டும் உங்களுக்கு, வருசா வருசம் மரவரி கட்டணும். பழைய ரசீது தாத்தா பெட்டியில கிடக்குதான்னு தேடுங்க. காப்புக்காட்டுக்கு உள்ள இருந்தா 2சி பேச்சே கிடையாது. அப்ப வேற வழி.

சோலைமலைக்காரன்:

நன்றி ஐயா. தோப்புல பாதி கல்லுக்குவியலுக்கு உள்ள, பாதி வெளியன்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்குறேன்.

தீத்தடுப்புக்கோடு:

நான் வனவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலூர் சரகத்தில் இல்லை, வேறு மாவட்டம். ஆனால் குழு நடத்தின அனுபவம் உண்டு.

உங்கள் சித்தப்பா சொல்வது தவறு. 1988 தேசிய வனக் கொள்கை வந்தது. அதை ஒட்டி 1990 ஜூனில் மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. காட்டை ஊர்மக்களோடு சேர்ந்து காக்க வேண்டும், காத்தவர்களுக்கு மகசூலில் பங்கு தர வேண்டும் என்பது அதன் சாரம். நிலத்தில் உரிமையோ குத்தகையோ தரக்கூடாது என்பதும் அதிலேயே தெளிவாக இருந்தது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது குழுக்கள் ஊர் ஊராக வந்தன. 2005இல் இரண்டாம் கட்டம். வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் உறுப்பினர். தலைவர் ஊர்க்காரர், செயலாளர் வனத்துறைக்காரர், வங்கிக் கணக்கு கூட்டுக் கையெழுத்தில்.

ஆகவே உறுப்பினருக்குக் கிடைப்பது பலன். விறகு, புல், புளி, நெல்லி, கடுக்காய் போன்ற மகசூல், வேலைக் கூலி, சுழல்நிதிக் கடன் (குழுவின் பொதுப் பணத்தில் கொடுத்துத் திருப்பி வாங்கும் கடன்). அதுவும் காவல் காத்தால்தான். நிலம் காப்புக்காடாகவே இருக்கும். இப்படி இல்லாமல் ஆளுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு அங்கே பிளாட் போட்டிருப்பார்கள். ஒத்தக்கடையில் தொடங்கி மேலூர் வரை நாலுவழிச் சாலை ஓரம் என்ன ஆயிற்று என்று பார்த்தால் தெரியும்.

சிறுமலைச்சாரல்:

வனவர் ஐயா சொன்னது ஏட்டுல சரி. நடந்தத நான் சொல்றேன். நான் வாடிப்பட்டி பக்கம், எங்க ஊர்க் குழுவுல செயற்குழு உறுப்பினரா இருந்தவ.

திட்டம் ஓடுன வருசங்கள்ல ஊர் ஜேஜேன்னு இருந்துச்சு. குழி வெட்டுனா கூலி, கன்னு வச்சா கூலி. பொம்பளைகளுக்கு ஆடு வாங்கக் கடன், தையல் மிசின், சில பேருக்கு டிரைவிங் பழக்கிவிட்டாங்க. அந்தக் கடன்ல ஆடு வாங்கி ஆளான வீடு எங்க தெருவுலயே இருக்கு, அத மறைக்கக்கூடாது. திட்டப் பணம் நின்னுச்சு, கூட்டமும் நின்னுச்சு. செயலாளரா இருந்த அதிகாரி மாறுதல்ல போனாரு. அடுத்து வந்தவருக்குக் குழு இருக்கதே தெரியாது. நோட்டு யார்கிட்ட இருக்குன்னு நாங்க கேட்டா அங்கிட்டு கேளு, இங்கிட்டு கேளுன்னாய்ங்க. வாங்குன கடன திருப்பிக் கட்டுனவ கட்டுனா, கட்டாதவ கட்டல. கட்டுனவளுக்குத்தான் வயித்தெரிச்சல்.

தீத்தடுப்புக்கோடு அண்ணே, மகசூல் உரிமைன்னு சொல்றீங்க. எங்க குழுவுல ஒரு தடவகூட மகசூல் பங்குன்னு ஒரு ரூவா பிரிக்கல. மலையில பச்ச மரம் வெட்டக்கூடாதுன்னு இருக்கப்ப மரத்துல பங்கு எங்க இருந்து வரும்? மிச்சம் சீமாத்துப்புல்லும் நெல்லிக்காயும். அதுக்கு குழு இல்லாமயே எங்க ஆத்தா காலத்துல போய்க்கிட்டுத்தான இருந்தாக.

தீத்தடுப்புக்கோடு:

மறுக்கவில்லை அம்மா. திட்டத்தோடு பிறந்த குழு திட்டத்தோடு படுத்தது. ஆனால் அந்தத் தடுப்பணைகளால் அடிவாரக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அது உறுப்பினர், உறுப்பினர் அல்லாதார் எல்லாருக்கும் கிடைத்த பலன். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சிறுமலைச்சாரல்:

கிணறு யாருக்கு இருக்கு? நிலம் இருக்கவனுக்கு. குழி வெட்டுனவளுக்குக் கிணறு இல்ல. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

பாஸ்புக்:

குழுப் பணம் பத்தி மட்டும் சொல்றேன், நான் வங்கி ஊழியன். கணக்கில் பத்து வருஷம் எந்த வரவு செலவும் இல்லைன்னா அந்தத் தொகை ரிசர்வ் வங்கி 2014ல் தொடங்கிய வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போயிருக்கும். போனாலும் பணம் தொலையாது, கணக்கு வச்சிருக்கிற கிளையில கேட்டு மீட்கலாம். சிக்கல் கையெழுத்துதான். தலைவர் இறந்திருப்பார், செயலாளர் பதவி மாறியிருக்கும். குழு கூடி, புதுத் தலைவரைத் தேர்ந்து, தீர்மானம் போட்டு, வனச்சரகர் ஒப்புதலோட கொடுத்தாத்தான் கிளை ஏத்துக்கும். தனியாளா பாஸ்புக்கோட போய் நிக்காதீங்க, அலைய விடுவாங்க.

லாஸ்பானோஸ்_உசிலை:

உசிலம்பட்டிக்காரன், இப்ப வேலை நிமித்தம் பிலிப்பைன்ஸ். இங்க நடந்ததைச் சொன்னா சித்தப்பாவுக்கும் உதவும், வனவருக்கும் உதவும்.

இங்க 1995ல் ஜனாதிபதி ஃபிடல் ராமோஸ் கையெழுத்துப் போட்ட ஆணை 263 வழியா, சமூகம் சார்ந்த வன மேலாண்மைதான் நாட்டின் பிரதான வழின்னு அறிவிச்சாங்க. ஊர்மக்கள் சங்கமாப் பதிவு பண்ணணும். அந்தச் சங்கத்தோட அரசு 25 வருஷ ஒப்பந்தம் போடும், இன்னொரு 25 வருஷம் புதுப்பிக்கலாம். நிலம் அரசோடது. ஆனா ஒப்பந்தம் எழுத்துல இருக்கு, எல்லை வரைபடம் இருக்கு, காலம் இருக்கு. சங்கத்துக்குள்ள ஏற்கனவே உழுதுக்கிட்டிருக்கிற குடும்பத்துக்குத் தனியா ஒரு பராமரிப்புச் சான்றும் 25 வருஷத்துக்குத் தரலாம். நம்ம ஊர்க் குழு உறுப்பினர் அட்டையில இதுல ஒண்ணும் கிடையாது.

அதுக்காக இங்க பாலும் தேனும் ஓடுதுன்னு நினைச்சிராதீங்க. 2006ல் விதிமீறல்னு சொல்லி ஒரே உத்தரவுல பல பிராந்தியங்கள்ல இருந்த ஒப்பந்தங்களை ரத்து பண்ணாங்க. தப்புப் பண்ணின சங்கம், ஒழுங்கா நடத்தின சங்கம்னு பிரிச்சுப் பார்க்கல. 2011ல் ஆணை 23, இயற்கைக் காட்டுல மரம் வெட்ட நாடு முழுக்கத் தடை. நிலம் 25 வருஷம் கையில, வெட்டுற அனுமதி இன்னொருத்தர் கையில. உறுப்பினருக்கு வருமானம் எங்க இருந்து வரும்? சங்கக் கூட்டத்துக்கு வர்ற ஆள் குறைஞ்சு போச்சு. வாடிப்பட்டி அக்கா சொன்ன கதையேதான், பாஷை மட்டும் வேற.

கருப்புக்கோட்டு:

மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். எல்லாரும் வனக்குழுவையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தை யாரும் தொடவில்லை.

இரண்டுக்கும் அடிப்படை வேறு. வனக்குழு அரசாணையில் பிறந்தது, அதிகாரி நினைத்தால் கலைக்கலாம். வன உரிமை நாடாளுமன்றச் சட்டம். ஏற்கனவே இருந்த உரிமையை அரசு அங்கீகரிக்கிறது என்றுதான் அதன் வாசகமே போகிறது. பழங்குடியினர் மட்டுமல்ல, இதர மரபுவழி வனவாசிகளும் கோரலாம். அவர்களுக்கு நிபந்தனை, 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர். 75 வருடம் என்பது வசிப்புக்கும் காட்டை நம்பி இருந்ததற்கும்தான். குறிப்பிட்ட ஒரு துண்டு நிலத்தை 75 வருடம் உழுதிருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், மனுவை வாங்குகிறவர்களும் சேர்த்து.

தனிநபர் உரிமை 4 ஹெக்டேருக்கு மேல் போகாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ஆகவே தீத்தடுப்புக்கோடு ஐயா பயப்படுகிற பிளாட் வியாபாரம் இந்தப் பட்டாவில் நடக்காது. ஆனால் சோலைமலைக்காரருக்கு இது பொருந்துமா என்பது சந்தேகம். அவர்கள் அங்கே குடியிருக்கவும் இல்லை, உழவும் இல்லை. உலுக்கி எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்துவது பிரிவு 3(1)(இ). சிறு வன மகசூலைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உடைமை உரிமை. புளி அதில் அடங்கும். அதற்கு மேலே ஊர் முழுக்கச் சேர்ந்து சமுதாய வன வள உரிமையும் கோரலாம். காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே அதிகாரம் வரும். மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா 2009இல் அப்படி வாங்கியது. 2011இல் வெட்டிய மூங்கிலுக்குக் கிராம சபையே கடத்துச் சீட்டு (காட்டுப் பொருளை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) எழுதியது.

தீத்தடுப்புக்கோடு:

மேந்தா லேகா கோண்டு பழங்குடி ஊர். மேலூர் பக்கம் சமவெளி ஊர்கள், நாலு சாதி, நாற்பது பங்காளிச் சண்டை. அங்கே நடந்தது இங்கே நடக்கும் என்று சொல்லி ஆசை காட்டாதீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

கருப்புக்கோட்டு:

தெரியும். 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது பல வருடம் நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த எட்டு வருடத்தில் எத்தனை பெரியவர்கள், நேரில் வந்து சாட்சி சொல்லக்கூடியவர்கள், போய்ச் சேர்ந்தார்கள்? தாமதத்தைக் காரணம் காட்டி இன்னும் தாமதிக்கச் சொல்வது நியாயமில்லை ஐயா.

சாப்டூர் பக்கம், சதுரகிரி அடிவாரத்தில் பளியர்கள் இருக்கிறார்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தார்கள். தேன், கல்பாசி எடுக்கிறவர்களுக்கு அங்கே எழுத்தில் உரிமை இருப்பதும் இல்லாததும் வாழ்வா சாவா பிரச்சினை. அதோடு ஒப்பிட்டால் உங்கள் புளியந்தோப்பு சின்ன விஷயம்தான். ஆனால் சட்டம் ஒன்றே.

கிடைமாடு:

நாங்க புளிக்குளம் மாடு வச்சிருக்கவங்க. உங்க பேச்சு பூராவும் ஊர்க்காரன் உறுப்பினரா இல்லையான்னே போகுது. எங்கள எந்த ஊர்க் குழுவுல சேத்தாங்க? அறுப்பு முடிஞ்சா வயல்ல கிடை போடுவோம், வயலுக்குள்ள விட இடமில்லாத மாசத்துல மலைக்குப் போவோம். முன்ன மேய்ச்சல் பாஸ் குடுத்தாங்க. அப்புறம் குழு வந்துச்சு, கன்னு வச்ச இடத்துல மாடு ஏறக்கூடாதுன்னாங்க. கன்னு வச்ச ஊருக்குப் பலன், அடிச்சு விரட்டுன மாட்டுக்கு ஒண்ணுமில்ல. 2022 மார்ச்சுல கோர்ட்டு உத்தரவு வந்தப்ப எல்லாக் காட்டுலயும் மேய்ச்சல் கூடாதுன்னு இருந்துச்சு, அப்புறம் சரணாலயம், புலிக்காப்பகம், தேசியப் பூங்கான்னு குறைச்சாங்க. நடுவுல நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஜல்லிக்கட்டுல காளை வேணும். அதப் பெத்த பசு எங்க மேயணும்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்.

கருப்புக்கோட்டு:

அண்ணே, நான் சொன்ன வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் இருக்கிறது. நாடோடி, மேய்ச்சல் சமூகங்கள் பருவத்துக்குப் பருவம் வந்து போகும் உரிமை என்று தனியாக எழுதியிருக்கிறது. எந்த ஊர் கிராம சபையில் கோருவது என்பதுதான் சிக்கல். தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம். இங்கே கரைந்துபோகும்.

யானைமலை_நிழல்:

நம்ம மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிய யாரும் சொல்லலியே? 2022ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே முதல். 193 ஹெக்டேர். ரெண்டே வருசத்துல அந்தப் பக்கத்தையும் சேத்து 2000 ஹெக்டேருக்கு மேல டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டாங்க. 2025 ஜனவரியில ரத்தானது மேலூர்ல இருந்து சனம் நடந்து வந்ததால. காகிதம் காப்பாத்துச்சுன்னு யாராவது சொல்வீங்களா?

பழைய சர்வேயர்:

சனம்தான் காப்பாத்துச்சு. ஆனா சனத்துக்கு எடுத்துக் காட்ட ஒரு காகிதம் கையில இருந்துச்சு, அதையும் மறந்துரக் கூடாது. பாரம்பரியத் தலம்னு அறிவிச்சதால ஒருத்தருக்கும் ஒரு சென்டு நிலம் சேரல. இருக்கிற உரிமை போகவும் இல்ல. அது வேற சட்டம், 2002ஆம் வருசத்துது. இழைக்கு வருவோம்.

சோலைமலைக்காரன்:

ஞாயித்துக்கிழமை போய் வந்துட்டேன். ஐயா சொன்ன மாதிரிதான். பெரிய மரங்க பதினோரு மரம் கல்லுக்குவியலுக்கு உள்ள காப்புக்காட்டுல இருக்கு. சின்ன மரங்க வெளிய, மலைப் புறம்போக்குல. சித்தப்பாகிட்ட இதப் படிச்சுக் காட்டினேன். "அப்ப அட்டைய அடுப்புல போடவா"ன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

கருப்புக்கோட்டு:

போட்டுவிடாதீர்கள்! இந்த இழையிலேயே இதுதான் முக்கியம்.

வன உரிமை விதிகளில் 13ஆம் விதி, எதையெல்லாம் ஆதாரமாக ஏற்கலாம் என்று சொல்கிறது. மாவட்ட விவரச்சுவடி, மக்கள்தொகைக் கணக்கு, நிலவரித் திட்ட ஆவணம், வனத்துறையின் செயல்திட்டம், வன விசாரணை அறிக்கை. அந்தப் பட்டியலில் மைக்ரோபிளானும் உண்டு. ஒவ்வொரு வனக்குழுவும் தொடங்கும்போது ஊர்க் கூட்டம் போட்டு ஒரு மைக்ரோபிளான் எழுதினார்கள். எத்தனை வீடு, எத்தனை ஆடு மாடு, காட்டிலிருந்து என்னென்ன எடுக்கிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று. வனத்துறையே எழுதி, வனத்துறையே ஒப்புதல் கொடுத்தது. "இந்த ஊர் புளி எடுத்துப் பிழைக்கிறது" என்று அதில் ஒரு வரி இருந்தால், பிறகு வேறு மாதிரி பேசுவது அவர்களுக்குக் கடினம். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும், மலையில் இருக்கும் சாமி, சுடுகாடு, கிணறும்கூட ஆதாரம்தான். குறைந்தது இரண்டு சான்று வேண்டும்.

தீத்தடுப்புக்கோடு:

மைக்ரோபிளான் பற்றி வக்கீல் சொன்னது உண்மை. நானே எழுதியிருக்கிறேன். பிரதி ஒன்று குழுவிடம், ஒன்று சரகத்தில், ஒன்று கோட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். சரகத்தில் கறையான் அரித்திருந்தாலும் கோட்டத்தில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். குழுவின் பெயர், தாலுகா, காப்புக்காட்டின் பெயர் மூன்றும் எழுதுங்கள். கூடவே காப்புக்காடு அறிவித்தபோது நடந்த விசாரணைக் கோப்பையும் கேளுங்கள். பாதை, தண்ணீர், சாமி கும்பிடப் போவது என்று ஊர்கள் கேட்டதும் அவற்றில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் அந்த விசாரணையில்தான் முடிவானது.

சமுதாய வன வளம் என்று ஊர் முழுக்கக் கேட்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பதினோரு மரத்துப் புளிக்கு எதிர்ப்பில்லை.

சிறுமலைச்சாரல்:

தம்பி, ஒரு விசயம். மனு நாலு பங்காளி பேர்ல போடாத. ஊர்ப் பேர்ல போடு. உங்க நாலு வீடு உலுக்குறப்ப கீழ பொறுக்குறவ யாரு, ஓடு தட்டிக் கொட்டை எடுக்குறவ யாரு? அவ பேரும் அந்தத் தீர்மானத்துல இருக்கணும். இல்லைன்னா நாளைக்கு அவளே வந்து எதிர்சாட்சி சொல்லுவா, அப்ப நான் அவ பக்கம்தான்.

கருப்புக்கோட்டு:

அக்கா சொன்னது சட்டப்படியும் சரி. இந்த மனுக்களைச் சரிபார்க்கக் கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் (இது பழைய வனக்குழு அல்ல) 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் கட்டாயம். கிராம சபையில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஊராட்சிக் கிராம சபையில் இந்தக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை வராது. அதனால் குக்கிராம அளவில் கூட்டச் சொல்லி 2012லேயே பழங்குடியினர் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, அதைக் காட்டிக் கேளுங்கள். அடுத்து உட்கோட்டக் குழு, அதற்கு மேல் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு. நிராகரித்தால் எழுத்தில் காரணம் வாங்குங்கள், 60 நாளில் மேல்முறையீடு. வாய்மொழி "இல்லை" என்பது பதிலே அல்ல.

சோலைமலைக்காரன்:

சரிண்ணே. சின்ன மரங்களுக்கு 2சி பட்டா வழி, பெரிய மரங்களுக்கு ஊர்ப் பேர்ல மனு. அட்டையையும் பாஸ்புக்கையும் அம்மா பீரோவுல பூட்டி வச்சுட்டாங்க. அப்பா இடத்துல நான் உறுப்பினரான்னு கேட்டிருந்தேன், அதுக்கு யாரும் பதில் சொல்லல.

தீத்தடுப்புக்கோடு:

உங்கள் அம்மா இன்னும் உறுப்பினர். ஆண் இடம் காலி. குழு கூடினால் தீர்மானத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கலாம். கூட்டத்தைக் கூட்டச் சொல்லி மனுவை அம்மா கையெழுத்தில் கொடுங்கள், உங்கள் கையெழுத்தில் வேண்டாம்.

பழைய சர்வேயர்:

2சிக்குப் போறப்ப மரத்துக்கு மரம் சுற்றளவு அளந்து, புலப்படத்துல புள்ளி வச்சு எடுத்துட்டுப் போங்க. ஏலம் எப்பன்னும் விசாரிச்சுக்கங்க. தையில காய் பழுக்க ஆரம்பிச்சிரும்.